பந்துப்பூவுக்கு மல்லி வைத்தியம்

ஒரு ஊர்ல ஒரு பூச்செடி இருந்துச்சாம். என்ன முழிக்கிற தேனு? ராஜா ராணிக்கெல்லாம் இன்னிக்கு லீவு. இன்னிக்குச் செடிதான். நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு சித்தி பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

“ம்.”

ஆங். அந்த ஊரு மலை மேல இருக்கு. கோத்தகிரியத் தாண்டி இன்னும் மேல. பஸ்ஸு ர்ர்ரூம்... ர்ர்ரூம்னு மூச்சு வாங்கிக்கிட்டே வளைஞ்சு வளைஞ்சு ஏறும். அங்க மேகம் மேலயெல்லாம் நிக்காது. ஜன்னல் வழியா உள்ள வரும், சமையக்கட்ட எட்டிப் பாக்கும், ‘ஓ, இன்னிக்கும் ரசமா’ன்னுட்டுப் போயிரும்.

அந்த ஊர்ல லூர்தம்மான்னு ஒரு அம்மா. அவங்க வீட்டு கேட்டுக்குப் பக்கத்துல அந்தச் செடி. பேரு ஹைட்ராஞ்சியா. சொல்லு பாப்போம்? வாய்க்குள்ள நுழையலயா? விடு. பந்துப்பூன்னு வெச்சுக்கலாம். ஏன்னா அது ஒத்தப் பூவாப் பூக்காது. குட்டிக் குட்டிப் பூவா நூத்துக்கணக்குல ஒண்ணா நெருக்கியடிச்சு உக்காந்து, உன் தலை சைஸுக்கு ஒரு உருண்டையா நிக்கும். நீலம்! நம்ம ஸ்கூல் யூனிஃபார்ம் நீலம் இல்ல. மழை விட்டதும் வானம் ஒரு நிமிஷம் பளிச்சுன்னு கழுவி விட்டாப்ல இருக்கும் பாரு, அந்த நீலம். அந்தச் செடிய வெச்சது லூர்தம்மாவோட வீட்டுக்காரர். அவரு இப்ப இல்ல. அதனால அந்தம்மாவுக்குச் செடின்னா உசுரு. காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடியே போய் அதுகிட்ட நின்னுட்டுத்தான் வரும்.

அப்போ அந்த வீட்டோட பின் போர்ஷனுக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி வாடகைக்கு வந்தாங்க. புருஷன் பேரு வீரணன். அங்க இருக்குற தேயிலை ஃபேக்டரியில மெஷின் ரிப்பேர் பாக்குற வேலை. பொண்டாட்டி பேரு பேச்சி. நம்ம கதை இந்தப் பேச்சியோட கதைதான். அவளுக்கு நிலக்கோட்டைப் பக்கம். அங்க காடு பூரா மல்லி. பொறந்ததுலேர்ந்து மல்லிச் செடிக்கு நடுவுல ஓடி வெளையாண்ட பொண்ணு. அவ கை பட்டா காஞ்ச குச்சியும் தளிர்க்கும்னு ஊர்ல சொல்லுவாங்க. அவளும் அத முழுசா நம்பிட்டா. அங்கதான் ஆரம்பிச்சுது வம்பு.

அந்த மலையில வாடகை வீடு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. எல்லா வீட்டையும் டூரிஸ்ட்டுக்கு ரூமா மாத்திட்டாங்க. ரெண்டு பேரும் தெருத்தெருவா அலைஞ்சு, கடைசியில லூர்தம்மா கதவத் தட்டினாங்க. டொக் டொக். வீட்டப் பாத்ததும் பேச்சிக்குப் புடிச்சுப்போச்சு. சின்ன சமையக்கட்டு. அதுல ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய ஒரு பேரிக்காய் மரம். ‘ஆத்தி, இங்கேயே இருந்துரலாம்’னு மனசுக்குள்ள பாய் விரிச்சுப் படுத்தே படுத்துட்டா.

லூர்தம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டுச்சு.

“எம் பொண்ணு ரீட்டாவுக்குக் கோயம்புத்தூர்ல பிரசவம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் போறேன். கோடையில பேரப்புள்ளையோட வருவேன். அதுவரைக்கும் இந்தச் செடிய நீதான் பாத்துக்கணும். நான் வர்றப்போ கேட்டுல நீலப்பூ நிக்கணும்.”

“நிக்கலேன்னா?”ன்னு வீரணன் கேட்டான். அவனுக்கு வாயி சும்மா இருக்காது.

“நிக்கலேன்னா நீங்க நிக்க வேணாம். காலி பண்ணிரணும்.”

பேச்சி உடனே முன்னால வந்தா. “அம்மா, நீங்க கவலையே படாதீங்க. எங்க வீட்டு மல்லிச் செடி மாதிரி பாத்துக்குறேன்.”

லூர்தம்மாவும் சந்தோஷமா, “அப்படியே பாத்துக்க”ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிருச்சு.

எங்க ‘ம்’ காணோம்?

“ம்.”

அப்புறம் பேச்சி செடியப் போய்ப் பாத்தா. மார்கழிக் குளிர்ல அது எப்படி இருக்கும்? போன வருஷப் பூவெல்லாம் காஞ்சு, டீ வடிகட்டின சக்கை மாதிரி பழுப்பாத் தொங்குது. இலையெல்லாம் புள்ளி விழுந்து உதிருது. மொட்டைக் குச்சி, மொட்டைக் குச்சியா நிக்குது.

“அட பாவமே, இத யாருமே கவனிக்கல போலயே”ன்னா பேச்சி.

இப்ப ஒண்ணு கேளு தேனு. மல்லிச் செடி இருக்குல்ல, அத வருஷா வருஷம் குளிர் காலத்துல நறுக்குன்னு வெட்டி விடணும். கவாத்துன்னு பேரு அதுக்கு. பாதிக்கு மேல வெட்டிருவாங்க. வெட்டினாத்தான் புதுசாத் துளிர் விடும், துளிர் விட்டாத்தான் பூக்கும். பேச்சிக்கு இது அ, ஆ மாதிரி. அவ என்ன பண்ணினா தெரியுமா? பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சு முடிச்ச கையோட, பெரிய கத்தரிய எடுத்தா.

சடக்!

ஒரு குச்சி விழுந்துச்சு.

சடக்! சடக்! சடக் சடக் சடக்!

கேட்டுப் பக்கத்துல ஆளு உசரம் நின்ன செடி, பேச்சியோட முட்டி உசரத்துக்கு வந்துருச்சு. சுத்தமா, வட்டமா, முடி வெட்டிட்டு வந்த புள்ள மாதிரி. பேச்சி நாலடி தள்ளி நின்னு இடுப்புல கை வெச்சுப் பாத்தா. ‘பூக்கப் போகுது பாரு, அந்தம்மா அப்படியே அசந்து போயிரும்’னு நெனச்சா.

அப்போ போன் அடிச்சுது. ட்ரிங் ட்ரிங். லூர்தம்மா!

“பேச்சி! பேரன் பொறந்துட்டான்! செடி எப்படி இருக்கு?”

பாத்தியா, பேரனுக்கு அடுத்த மூச்சு செடிதான்.

“நல்லா இருக்கும்மா. நான் இப்பத்தான்...”

“குச்சி நுனியில மொட்டு கொழு கொழுன்னு இருக்குமே, பாத்தியா? அந்தச் செடி ஒரு திருட்டுக் கள்ளிம்மா. ஐப்பசியிலயே அடுத்த வருஷப் பூவ மொட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கும். குளிர் பூரா வெளிய காட்டாது. விவரம் தெரியாம யாராவது இப்ப அத வெட்டினாங்கன்னு வையி, அந்த வருஷம் பூவே கிடையாது. பச்சையா இலை வரும், அவ்வளவுதான். ஏதோ சொல்ல வந்தியே, என்ன?”

பேச்சி கையில கத்தரி. காலடியில குவியல்.

“ஒண்ணுமில்லம்மா. செடி... நல்லா காத்தோட்டமா இருக்குன்னு சொல்ல வந்தேன்.”

போன வெச்சுட்டுக் கீழ பாத்தா. ஒவ்வொரு குச்சி நுனியிலயும் கொழு கொழுன்னு ஒரு மொட்டு. பேரன் மாதிரி!

அப்புறம் என்ன? தொபுக்குன்னு தரையில உக்காந்துட்டா. வீடு போச்சு. ஜன்னல் போச்சு. பேரிக்காய் மரம் போச்சு. கண்ணுல தண்ணி குபுக்குன்னு வந்துச்சு. சரி அழுது முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு பாத்தா, குவியலப் பாதி காணோம்! வீட்டுக்குப் பின்னாடி புகை வருது.

ஓடினா. அங்க வீரணன் ஜாலியா விசிலடிச்சுக்கிட்டு வெந்நீர் அடுப்புல குச்சிய ஒடிச்சு ஒடிச்சுப் போடுறான்.

“யோவ்! போடாத! போடாத!”

“ஏன் புள்ள, குப்பைதான?”

“அது குப்பை இல்ல மாமா, அதுதான் நம்ம வீடு!”

வீரணனுக்கு ஒண்ணும் வெளங்கல. மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னா. சொல்லி முடிச்சதும் அவன், “அப்போ மூட்டையக் கட்டிரலாமா? இப்பவே கட்டினா நிதானமாக் கட்டலாம்”னான்.

பேச்சி மொறைச்சா. அப்புறம் மிச்சக் குச்சிய ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா. மல்லிக்காட்டுப் பொண்ணுக்கு வெட்டுன குச்சியக் கண்டா கை சும்மா இருக்குமா? மல்லிக் குச்சிய மண்ணுல சொருகினா வேர் விடும். ‘இதுவும் குச்சிதான? இதுக்கும் மண்ணு தெரியும்ல?’னு நெனச்சா. மொட்டு வேற நுனியிலயே இருக்கு. வேர் புடிச்சா பூத்துருமே!

பின்கட்டுல பழைய டின்னெல்லாம் கெடந்துச்சு. எண்ணெய் டின்னு, பெயின்ட் டின்னு, வெள்ளையடிச்ச டின்னு. அடியில ஆணியால ஓட்டை போட்டா, டக் டக் டக். மண்ணப் போட்டா. குச்சியச் சொருகினா. பேரிக்காய் மரத்தடியில வரிசையா வெச்சா. பாக்க ஸ்கூல் அசெம்பிளி மாதிரி இருந்துச்சு. பேச்சி அதுங்க முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டு, “செல்லங்களா, என்னயக் கைவிட்டுராதீங்க”ன்னா.

கேக்குறியா?

“ம்.”

ஆனா அவ்வளவு சுலபமா விட்டுருமா மலை? மூணு பேர அனுப்புச்சு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா.

மொதல்ல வந்தது பனி.

அன்னிக்குச் சாயங்காலம் மேகமே இல்ல. காத்து அசையல. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. ‘ஆகா என்ன அழகு’ன்னு நாமன்னா சொல்லுவோம். ஆனா தெருவுல போனவங்க எல்லாம், “ஏம்மா, இன்னிக்குப் பனி கொட்டப் போகுது, செடிகிடி இருந்தா மூடு”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் பனி பட்டா துளிர் கருகிரும். தீ பட்ட மாதிரி கருகும். ஐஸ்ல தீ! நம்புவியா?

பேச்சி டின்னையெல்லாம் வீட்டுக்குள்ள தூக்குனா. சமையக்கட்டு நெறஞ்சுது. கூடம் நெறஞ்சுது. கட்டிலுக்கடியில, கட்டில் மேல, டிவி மேல. வெளிய நிக்குற தாய்ச் செடி? அத உள்ள தூக்க முடியாதே. அது மேல தன்னோட பழைய சேலையப் போட்டா. பத்தல. சாக்கப் போட்டா. பத்தல. உள்ள வந்து சுத்திப் பாத்தா...

வீரணன் வேலை முடிஞ்சு வந்தான். “பேச்சி, நம்ம கம்பளி எங்க?”

“செடிக்குப் போத்தியிருக்கேன்.”

“அப்ப எனக்கு?”

“நீ அடுப்புக்கிட்ட உக்காந்துக்க மாமா. செடியால உக்கார முடியாதுல்ல.”

பாவம் அவன் பல்லு கட கட கட கடன்னு ஆடுச்சு. காலைல கதவத் தெறந்தா புல்லெல்லாம் வெள்ளை. கால வெச்சா மொறுக் மொறுக்னு அப்பளம் ஒடையிற சத்தம். பக்கத்து வீட்டு உருளைக்கிழங்குச் செடி கருகிக் கெடக்கு. பேச்சி கம்பளியத் தூக்கிப் பாத்தா. தாய்ச் செடி, ‘என்ன, அதுக்குள்ள விடிஞ்சிருச்சா’ன்னு கேக்குற மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு. பனி தோத்துப்போச்சு.

ரெண்டாவது வந்தது... சொல்லட்டுமா? பயப்பட மாட்டியே?

“ம்... ம்கூம்.”

காட்டெருமை! நம்ம ஊர் எருமை இல்ல. ஒரு வேன் உசரம் இருக்கும். கறுப்பு உடம்பு. நாலு காலுலயும் முட்டி வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. அது பாட்டுக்கு ரோட்டுல நடக்கும், டீக்கடையத் தாண்டும், ஒருத்தரும் கிட்டப் போக மாட்டாங்க. அன்னிக்கு மேகம் எறங்கி மஞ்சு மூடின சாயங்காலம். பேச்சி டின்னையெல்லாம் உள்ள எடுக்கலாம்னு வர்றா. தொப்... தொப்... தொப்... மஞ்சுக்குள்ளேர்ந்து ரெண்டு கொம்பு வெளிய வருது.

பேச்சி உள்ள பாஞ்சு கதவச் சாத்திட்டா. “மாமா! காட்டெருமை!”

வீரணன் வேட்டிய மடிச்சுக் கட்டினான். “எங்கிட்டயா? நான் எத்தனை ஜல்லிக்கட்டு பாத்தவன்! தள்ளு!” ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான். அது திரும்பி அவனப் பாத்துச்சு. புஸ்ஸ்ஸ்ஸ்னு மூச்சு விட்டுச்சு. ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி. வீரணன் மெதுவா வேட்டிய எறக்கி விட்டான். “இது நம்ம ஜாதி மாடு இல்ல புள்ள. இதுக்கு ரூல்ஸே வேற”ன்னுட்டு அலமாரிக்குப் பின்னாடி போயிட்டான்.

பேச்சிக்குத் தட்டத் தட்டி வெரட்டலாமான்னு தோணுச்சு. தட்டினா அது மெரண்டு ஓடும். ஓடினா டின்னு மேலதான் ஓடும். அதனால மூச்சப் புடிச்சுக்கிட்டு ஜன்னலோரமா நின்னு, வாய்க்குள்ளயே, “அய்யா சாமி, பாத்து... வலது கால அங்கிட்டு வையி... ஆங்... அப்படித்தான்...”னு சொல்லிக்கிட்டே இருந்தா. எருமை டின்னுக்கு நடுவுல ஒவ்வொரு காலா வெச்சுது. ஒரு குச்சிய மோந்து பாத்துச்சு. ‘சீ, இதத் தின்பாங்களா’ன்னு மூஞ்சத் திருப்பிக்குச்சு. பேச்சி போட்டிருந்த கொத்தமல்லிப் பாத்திய மட்டும் மொசுக் மொசுக்னு மேஞ்சுது. அப்புறம் திரும்பறப்போ பின்னங்கால் ஒரு டின்னுல பட்டுச்சு.

டங்ங்!

அந்தச் சத்தத்துக்கு அந்த மலையே மெரண்டு ஓடுச்சு தேனு! எருமையச் சொல்றேன். தட தட தட தட! நசுங்கினது ரெண்டு மூணு டின்னுதான். மத்ததெல்லாம் தப்பிச்சுது. ஆனா அன்னிக்கு ரசத்துல கொத்தமல்லி இல்ல.

மூணாவது வந்தது வெயில். மலையில வெயிலான்னு கேக்குறியா? பங்குனி வந்தா மதியானம் சுள்ளுன்னு அடிக்கும். குச்சியெல்லாம் அப்போ நாலு இலை விட்டிருந்துச்சு. வேர் விட்டுருச்சான்னு பேச்சி தெனமும் ஒண்ண இழுத்துப் பாப்பா. “இழுத்துக்கிட்டே இருந்தா எப்படி வேர் விடும்? உன் காதப் புடிச்சு நான் தெனமும் இழுத்தா நீ வளருவியா?”ன்னு வீரணன் திட்டினான். அது நாயம்தான்னு விட்டுட்டா.

ஒரு நாள் மதியம் பாத்தா எல்லா இலையும் தொங்குது. ஈரத் துணிய மாட்டின மாதிரி தொளதொளன்னு. “அய்யோ செத்துருச்சு!”ன்னு குடம் குடமாத் தண்ணி ஊத்தினா, சளக் சளக். சாயங்காலம் வெயில் எறங்கினதும் டக்குன்னு நிமிந்துக்குச்சு. மறுநாள் மதியம் திரும்பவும் தொங்கல். திரும்பவும் தண்ணி. அப்புறம் ஒரு டின்னுல குச்சி அழுகியே போச்சு. அப்பத்தான் பேச்சி நிதானமா உக்காந்து பாத்தா. மண்ணத் தொட்டா ஈரம் இருக்கு. ஆனாலும் இலை தொங்குது. ஓகோ! இது தாகம் இல்ல, நடிப்பு! வெயில் புடிக்கல மகாராணிக்கு. பெரிய இலை இல்லையா, வேர் குடுக்குற தண்ணி பத்தாம மதியத்துல துவண்டுரும். காலை வெயில் வேணும், மத்தியானம் நெழல் வேணும். அவ்வளவுதான் சங்கதி. டின்னையெல்லாம் பேரிக்காய் மரத்துக்குக் கெழக்குப் பக்கமா மாத்தி வெச்சா. மண்ணு காயாம இருக்க மேல காஞ்ச இலையப் பரப்பினா. வெயிலும் தோத்துப்போச்சு.

மூணு பேரும் போயாச்சு. சித்திரை பொறந்துச்சு. நுனியில இருந்த மொட்டெல்லாம் விரிய ஆரம்பிச்சுது. மொதல்ல பச்சையா, கடுகு கடுகா. அப்புறம் வெளுத்துச்சு. பேச்சிக்குச் சோறு எறங்கல. தெனமும் விடிஞ்சதும் ஓடிப் போய்ப் பாப்பா. ஒரு நாள் காலைல, மொதப் பூவுல கலர் ஏறியிருந்துச்சு.

என்ன கலர்? சொல்லு.

“நீலம்...”

ரோஸ்!

பேச்சி கண்ணக் கசக்கிக்கிட்டுப் பாத்தா. ரோஸேதான். பஞ்சுமிட்டாய் ரோஸ். பக்கத்து டின்னப் பாத்தா, அதுவும் லேசா ரோஸ். “நீலச் செடியில வெட்டின குச்சிடா இது! யாருடா கலர மாத்துனது?”ன்னு டின்னுகிட்டயே சண்டைக்குப் போயிட்டா.

வேற வழியில்ல. லூர்தம்மாவுக்குப் போன் போட்டா.

“அம்மா... சும்மாத்தான் போட்டேன். பேரன் நல்லா இருக்கானா? ஏம்மா, இந்தப் பூவு, நீலத்துக்குப் பதிலா வேற கலர்ல பூக்குமா?”

“சுண்ணாம்பு பட்டா ரோஸாயிரும். மண்ணு புளிப்பா இருந்தாத்தான் நீலம். ஏன் கேக்குற?”

“பொது அறிவுக்கும்மா.”

“எங்க வீட்டுக்காரரு அப்பப்போ படிகாரத்தக் கரைச்சு ஊத்துவாரு, நீலம் தூக்கலா இருக்கும்னு. நம்ம கேட்டு மண்ணுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. அது தானா நீலம்தான். சரி, அடுத்த வாரம் நாங்க வர்றோம்.”

“அடுத்த வாரமா!”

“ஏன், வரக் கூடாதா?”

“வாங்கம்மா வாங்க. ரொம்ப... சந்தோஷம்.”

பேச்சி ஓடிப்போய் டின்னு உள்பக்கத்தச் சொரண்டிப் பாத்தா. வெள்ளை வெள்ளையா உதிருது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைச்ச டின்னு! கழுவாம மண்ணப் போட்டிருக்கா. எண்ணெய் டின்னுல இருந்ததுங்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுங்க சின்னது, இன்னும் பச்சையாத்தான் நிக்குது. பெரிய பூவெல்லாம் சுண்ணாம்பு டின்னுல.

படிகாரத்துக்கு எங்க போறது? அண்ணாந்து பாத்தா. வாசப்படிக்கு மேல, கண்ணு படக் கூடாதுன்னு கறுப்புக் கயித்துல ஒரு படிகாரக் கல்லு கட்டித் தொங்குது. ஸ்டூல் போட்டு ஏறினா.

“ஏய், அது திருஷ்டிக்குக் கட்டினது!”ன்னு வீரணன் கத்தினான்.

“பட வேண்டிய திருஷ்டியெல்லாம் பட்டாச்சு மாமா. இனிமே வாசல்ல தொங்கி என்ன பண்ணப் போகுது?”

டொம்முன்னு ஒடைச்சா. வாளித் தண்ணியில கரைச்சா. செடியையெல்லாம் வேர் அசையாம வேற மண்ணுக்கு மாத்தி ஊத்தினா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா, அதிகமானா வேர் வெந்துரும்ல. அப்புறம் காத்திருந்தா. விரிஞ்ச பூ மாறுமா? மாறல. ரோஸு ரோஸாவே சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு. பாதி விரிஞ்சது மட்டும் ஒரு மாதிரி கத்திரிக்காய் ஊதாவுக்குப் போச்சு. நீலம்? ஒண்ணுகூட இல்ல.

லூர்தம்மா வர்ற நாளும் வந்துருச்சு. காலைலயே வீரணன் ஒரு பாட்டில ஒளிச்சு எடுத்துட்டு வந்தான். சொட்டு நீலம்! வெள்ளைத் துணிக்குப் போடுவோமே, அது.

“ஒரு மக்குத் தண்ணியில ரெண்டு சொட்டு. பூவ அப்படியே ஒரு முக்கு. நீலம் ரெடி. அந்தம்மா கேட்டுலேர்ந்து பாத்துட்டு உள்ள போயிரும். யாரு பூவ நக்கிப் பாக்கப் போறா?”

பேச்சி பாட்டில வாங்கினா. மூடியத் தொறந்து மக்குத் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டா. ஒரு ரோஸ் பூவுக்குக் கிட்ட மக்கக் கொண்டு போனா. கை அங்கேயே நின்னுருச்சு. அந்தக் குச்சி அடுப்புக்குத் தப்பிச்ச குச்சி. டிவி மேல உக்காந்து குளிரத் தாண்டின குச்சி. எருமை மூஞ்சிக்கு நேரா நின்ன குச்சி. ஒண்ணுமே இல்லாம ஒரு பூவத் தலையில தூக்கிக்கிட்டு நிக்குது. அதப் போய் சாயத்துல முக்குறதா?

“வேணாம் மாமா.”

“வீடு போயிரும்டி!”

“போனாப் போகட்டும். நான் சொல்லிக்கிறேன்.”

மூடிய இறுக்கி மூடிட்டா. ஆனா அவ கண்ணு அந்தச் சமையக்கட்டு ஜன்னலத்தான் பாத்துச்சு.

தூங்கிட்டியா?

“ம்ம்... இல்ல...”

பாம் பாம்! டாக்ஸி வந்துருச்சு. மொதல்ல ரீட்டா எறங்கினா, கையில துணிப் பொட்டலம் மாதிரி பாப்பா. அப்புறம் லூர்தம்மா. எறங்கினதும் வீட்டப் பாக்கல, பேச்சியப் பாக்கல. நேரா கேட்டுக்குப் பக்கத்துல பாத்துச்சு.

அங்க முட்டி உசரத்துக்கு ஒரு பச்சைப் புதர். பூ இல்ல. ஒண்ணுகூட இல்ல.

லூர்தம்மா கிட்டப் போய்க் குனிஞ்சு, ஒரு வெட்டுன தண்ட வெரலால தடவிப் பாத்துச்சு. பேச்சி முன்னால வந்தா.

“நான்தாம்மா வெட்டினேன். எங்க ஊர்ல மல்லிய வெட்டுற மாதிரி வெட்டிட்டேன். நீங்க போன் பண்ணப்போ கத்தரி கையிலதான் இருந்துச்சு. பயத்துல சொல்லல. வெட்டுன குச்சிய நட்டேன். அதுவும் சுண்ணாம்பு டின்னுல நட்டுட்டேன், ரோஸாப் போச்சு. நீலம் ஒண்ணுமே வரலம்மா.”

லூர்தம்மா மெதுவா நடந்து பேரிக்காய் மரத்தடிக்குப் போச்சு. வரிசையா டின்னு. ரோஸு, ரோஸு, ஊதா, பச்சை மொட்டு, ரோஸு. குட்டிக் குட்டிச் செடி. தலைய விடப் பெரிய தொப்பி போட்ட புள்ளைங்க மாதிரி, ஒவ்வொண்ணும் ஒரு பூவத் தாங்க முடியாமத் தாங்கிக்கிட்டு நிக்குது.

“இத்தனையும் அந்தக் குச்சியா?”

“ஆமாம்மா. கொஞ்சம் அடுப்புல போயிருச்சு.”

வீரணன் சட்டுன்னு வானத்தப் பாத்தான்.

லூர்தம்மா அங்கேயே ஒரு கல்லு மேல உக்காந்துச்சு. “டீ போடு”ன்னுச்சு. பேச்சி போட்டுக் கொண்டாந்தா. உர்ர்ர்னு ஒரு உறிஞ்சு. இன்னொரு உறிஞ்சு. பேச்சிக்கு ஒவ்வொரு உறிஞ்சுக்கும் உசுரு போய் உசுரு வந்துச்சு. ஒரு வழியா டம்ளரக் கீழ வெச்சுச்சு அந்தம்மா.

“கண்டிஷன் ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா. இந்த வாரமே காலி பண்ணிடுறோம்.”

“என்னது, காலி பண்ணுறியா? நல்லா இருக்கே நாயம்! ஆளு உசரச் செடிய மொட்டையடிச்சுட்டு, மூட்டையத் தூக்கிக்கிட்டு நைசா நழுவலாம்னு பாக்குறியா? எங்கயும் போகக் கூடாது! அந்தச் செடி பழைய உசரத்துக்கு வந்து, கேட்டுல நீலமாப் பூக்குற வரைக்கும் இங்கேயே கெடந்து நீதான் காவல் காக்கணும். வெட்டினது நீதானே?”

பேச்சிக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. “அப்போ... போக வேணாமாம்மா?”

“போய்த்தான் பாரேன். பின்னாலயே வந்து காதத் திருகி இழுத்துட்டு வருவேன். டேய் தம்பி, அந்தக் கத்தரிய எடு. எங்கிட்டக் குடு. இது இனிமே என் பீரோவுலதான் இருக்கும்.”

பேச்சி அழுதா, சிரிச்சா, ரெண்டையும் ஒண்ணாப் பண்ணினா. ரீட்டா பாப்பாவ அவ கையில குடுத்துட்டு, “புடிங்கக்கா, எங்கம்மா எனக்கே இவ்வளவு பெரிய தண்டனை குடுத்ததில்ல”ன்னு சிரிச்சா.

அப்புறம் என்னாச்சா? அடுத்த வருஷம் செடி பூத்துச்சு. நீலமா, நெறைய. பேச்சி பயந்துக்கிட்டே போய், “அம்மா, பூத்துருச்சும்மா”ன்னா. லூர்தம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து சுத்திச் சுத்திப் பாத்துச்சு. “ம்ம். இந்தப் பக்கம் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கே. பத்தாது. இன்னொரு வருஷம் இரு.” அதுக்கடுத்த வருஷம், “உசரம் கொஞ்சம் கம்மி. இன்னொரு வருஷம் இரு.” அதுக்கடுத்த வருஷம் ஒரு கொறையும் கண்டுபுடிக்க முடியல. லூர்தம்மா ரொம்ப நேரம் நின்னு யோசிச்சுச்சு. கடைசியில, “பூ ரொம்ப ஜாஸ்தியாப் பூத்துருச்சு. கெளையெல்லாம் வளையுது பாரு, முட்டுக் குடுக்க ஆளு வேணும். இன்னொரு வருஷம் இரு”ன்னுச்சு.

பேச்சியும், “சரிங்கம்மா”ன்னு போய் முட்டுக் குச்சி தேட ஆரம்பிச்சுட்டா.

தேனு?

...

தேனுக் குட்டி?

... ‘ம்’ போச்சு. மேகம் வந்து ஜன்னல மூடியாச்சு, கதையும் கொட்டாவி விட்டுக் குப்புறப் படுத்தாச்சு. தூங்கு தங்கம்.